குத்துக்கு முந்திய கால் நொடி

1969இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ், குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து, எவ்வளவு வேகம் என்று கருவி வைத்து அளந்து பார்த்தது. 16.5 அங்குலம், அதாவது சுமார் 42 செ.மீ. தள்ளி வைத்த மெல்லிய பால்சா மரப் பலகையை அவர் குத்தி உடைக்க ஆன நேரம் 0.19 நொடி. அதிலும் கைமுட்டி அந்தத் தூரத்தைக் கடந்தது வெறும் 0.04 நொடியில். மீதி 0.15 நொடி, கை கிளம்புவதற்கு முன்பே செலவாகிவிட்டது.

இந்தக் கணக்கை எதிராளியின் பக்கமிருந்து பாருங்கள். கண்ணில் ஒன்று பட்டு, மூளை அதைப் புரிந்துகொண்டு, தசைக்கு ஆணை போய், உடம்பு அசையத் தொடங்க நம்மில் பெரும்பாலோருக்கு 0.2 முதல் 0.25 நொடி வரை ஆகிறது. காதில் விழும் சத்தத்துக்கு இதைவிடச் சற்றுச் சீக்கிரம், 0.15 நொடி அளவில். அப்படியென்றால் அலியின் முட்டி கிளம்பிய பிறகு அதைப் பார்த்து விலகுவது யாராலும் ஆகாத காரியம். ஆனாலும் ஜாப்பிலிருந்து விலகுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தோள் லேசாக இறங்குவது, முன்காலில் எடை ஏறுவது, இருவருக்கும் நடுவே இடைவெளி சுருங்குவது ஆகியவற்றை வைத்து, குத்து கிளம்புமுன்பே அது வரப்போகிறது என்று அவர்கள் கணித்துவிடுகிறார்கள். அடிக்கிறவருக்கும் இதே கதைதான். தலை இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால், கை போய்ச் சேரும்போது அங்கே காற்றுதான் இருக்கும்.

குத்துச்சண்டைக்காரர்கள் டைமிங் என்று சொல்வது இந்தக் கணிப்பைத்தான். வீட்டுப் பயிற்சிக்கு என்ன வாங்கலாம் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் எது வேகமாக ஆடுகிறது என்று பார்க்கிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு. இந்தச் சாமான் என்னை எதைக் கணிக்கச் சொல்கிறது? கணிப்பு தப்பினால் அது எனக்குத் தெரியவருமா?

டைமிங், குறி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். உடம்புக்குள் இவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டு தகடுகளை ஒரு கோலால் மாறி மாறித் தட்டச் சொல்லி நேரத்தை அளந்தார். தகட்டின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் கூடும் நேரமும், தகடுகளுக்கு இடையே தூரத்தை இரட்டிப்பாக்கினால் கூடும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. சின்ன இலக்குக்கு மூளை ஒரு விலை கேட்கிறது. அந்த விலையை வேகத்தில்தான் கட்ட வேண்டும். கட்ட மறுத்து வேகமாகவே வீசினால் குறி சிதறும்.

1979இல் ரிச்சர்ட் ஷ்மிட்டும் அவருடைய குழுவினரும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். வேகம் கூடக் கூடக் கை விழும் இடம் சிதறுகிறது, சரி. ஆனால் குறித்த கணத்தில் போய்ச் சேர்வது என்று வரும்போது வேகமான அசைவுதான் துல்லியமானது. நேரத்தில் வரும் பிழை, அசைவுக்கு எடுக்கும் மொத்த நேரத்தோடு சேர்ந்தே வளர்கிறது; நீண்டு இழுக்கும் அசைவு அதிகமாகத் தடுமாறுகிறது. ஆக, மெதுவாக அடித்தால் குறி தேறும், டைமிங் கெடும். வேகமாக அடித்தால் டைமிங் தேறும், குறி கெடும். ‘ரெண்டும் ஒரே பேக்கில்’ என்று குத்துப் பை விளம்பரத்தில் படித்தால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொரு சங்கடம். பாதி வழியில் கண்ணால் பார்த்துக் கையைத் திருத்த வேண்டுமானால் 0.1 நொடிக்கு மேல் தேவை. நல்ல ஜாப் அதற்குள் முடிந்துவிடும். குறி பார்ப்பது முழுக்கக் கை கிளம்புவதற்கு முன்னால் நடக்கிற வேலை. கிளம்பிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இனிச் சாமான்களுக்கு வருவோம். முதலில் எல்லோரும் வாங்கும் ஹெவி பேக். 30 கிலோ, 40 கிலோ எடையில் சங்கிலியில் தொங்குவது. இது ஓர் ஊசல். ஊசலின் ஆட்ட நேரத்தை எடை தீர்மானிப்பதில்லை, தொங்கும் நீளம்தான் தீர்மானிக்கிறது; ஊஞ்சலில் குழந்தை உட்கார்ந்தாலும் பெரியவர் உட்கார்ந்தாலும் போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். தொங்கும் இடத்திலிருந்து பேக்கின் நடுப்பகுதி 1.2 மீட்டர் கீழே இருந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு 2 நொடிக்குச் சற்று மேல் ஆகும். கணிக்க ஏராளமான அவகாசம். இலக்கோ ஓர் ஆள் அகலம். எங்கே அடித்தாலும் ‘தொம்’ என்று மனநிறைவான சத்தம் வரும். பலத்துக்கும், இடுப்பைத் திருப்பி அடிக்கப் பழகவும், களைக்காமல் மூச்சு தாங்கவும் இதற்கு ஈடில்லை. டைமிங்குக்கும் குறிக்கும் தனியாக இதை நம்ப வேண்டாம்.

ஸ்பீட் பேக் பார்க்கக் கவர்ச்சியானது. பலகைக்குக் கீழே தொங்கும் பேரிக்காய் வடிவப் பந்து, ஓர் அடிக்கு மூன்று முறை பலகையில் மோதும்: முதலில் பின்பக்கம், பிறகு உங்கள் பக்கம், மறுபடி பின்பக்கம். அங்கிருந்து திரும்பி வரும்போது அடுத்த அடி. கொஞ்சம் பழகியவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. அது கண்ணுக்கு மங்கலான கோடாகத்தான் தெரியும்; காதுதான் ‘டக்-டக்-டக்’ என்று மூன்று எண்ணி அடுத்த அடியை விடுகிறது. பலகை கெட்டியாக இல்லாவிட்டால் மோதலின் ஆற்றலை அதுவே தின்றுவிடும், தாளம் தளும்பும். அதனால் இதில் பந்தைவிடப் பலகைக்கும் அதைத் தாங்கும் சுவருக்கும்தான் கவனம் தர வேண்டும். பந்தின் அகன்ற பகுதி உங்கள் முகவாய் உயரத்துக்கு வரட்டும்.

இதில் கிடைப்பது தாளம். தோள்கள் களைக்காமல் கை உயர்ந்தே இருக்கப் பழகும். ஆனால் தாளம் பிடிபட்ட பிறகு அங்கே கணிக்க எதுவும் மிச்சமில்லை. அடுத்த அடி எப்போது என்பது நிச்சயமாகத் தெரியும். எதிராளி அப்படி வருவதில்லை. போதாக்குறைக்கு, முட்டியின் பக்கவாட்டால் சுற்றித் தட்டும் அந்த அசைவு எந்தக் குத்தைப் போலவும் இல்லை. இடமும் நேரமும் தாராளமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், முதல் சாமானாக வேண்டாம் என்பது என் கட்சி.

தலையில் பட்டை கட்டி, எலாஸ்டிக் கயிற்றில் சின்னப் பந்தைத் தொங்கவிட்டு அடிக்கும் ரிஃப்ளெக்ஸ் பால் இப்போது எங்கும் கிடைக்கிறது. 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற உக்ரைனின் வாசில் லோமசென்கோ, தொப்பியில் கட்டிய டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டே நடக்கும் காட்சிகள் பரவியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதன் இயக்கம் சுவாரசியமானது. முகத்துக்கு அரை மீட்டர் முன்னால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பந்தைத் தொடர வேண்டுமானால் கண் நொடிக்கு 300 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். அவ்வளவு வேகத்தில் கண்ணால் வழுக்கிக்கொண்டு பின்தொடர முடியாது; அது தாவுகிறது. 2000இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது கண்டதும் இதுதான். பந்து கையைவிட்டுக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. தேர்ந்தவர் கண் மற்றவர்களைவிட முந்தித் தாவியது. ரிஃப்ளெக்ஸ் பால் இந்தத் தாவலைப் பழக்குகிறது. அந்த வகையில் அது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை.

ஆனால் அதைக் குத்தும்போது கையைப் பாருங்கள். 60 கிராம்கூட இல்லாத பந்தைத் தட்ட இடுப்பும் தோளும் எதற்கு? முழங்கையிலிருந்து மட்டும் கை நீளும். பந்தோ உங்கள் தலையிலிருந்தே கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் நகர்ந்தால் இலக்கும் கூடவே நகரும். தூரத்தை அளந்து உள்ளே போவது, வெளியே வருவது என்ற பாதி டைமிங் இதில் அடிபட்டுப் போகிறது. கண்ணைத் தயார் செய்ய ஐந்து நிமிடம், அவ்வளவுதான் இதற்கு நான் கொடுக்கும் இடம். ரப்பர் பந்துக்குப் பதில் ஸ்பாஞ்ச் பந்து வாங்குங்கள். அது முகத்துக்கு வரத்தான் போகிறது.

வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் டபுள் எண்ட் பேக். காற்றடைத்த சின்னத் தோல் பந்து; மேலே கூரைக்கு ஒரு எலாஸ்டிக் கயிறு, கீழே தரைக்கு ஒன்று. எளிமையான இந்த அமைப்புக்குள் எவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்பதற்காகவே இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பந்தை அடித்தால் அது பின்னால் போகும், இரண்டு கயிறுகளும் சாய்ந்து அதை நடுவுக்கு இழுக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதைக் கயிற்றின் இழுவிசை, கயிற்றின் நீளம், பந்தின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பந்து 400 கிராம், மேலும் கீழும் கயிறு ஒவ்வொன்றும் 1 மீட்டர், கயிற்றின் இழுப்பு 3 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஒரு முழு ஆட்டத்துக்கு அரை நொடி வருகிறது. அதாவது அடிபட்ட பந்து பின்னால் போய் மறுபடி அதே இடத்தைக் கடக்க கால் நொடி. நமது கண்ணும் கையும் எதிர்வினை காட்ட எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதே கால் நொடி. பந்து திரும்பிவிட்டது என்று பார்த்த பிறகு அடிக்கக் கிளம்பினால் அது உங்கள் முகத்தைத் தொட்டிருக்கும். முதல் அடி அடிக்கும்போதே இரண்டாவது எப்போது என்று முடிவு செய்தாக வேண்டும்.

கயிற்றை முறுக்கி இழுப்பை இரட்டிப்பாக்கினால் அந்தக் கால் நொடி 0.18 நொடியாகச் சுருங்கும். பாதியாக வேண்டுமானால் இழுப்பை நான்கு மடங்காக்க வேண்டும். நிஜத்தில் கயிற்றின் எடை, காற்று, ரப்பரின் சோம்பல் எல்லாம் கலந்து கணக்கு கொஞ்சம் விலகும், திசை மாறாது. தளர்ந்த கயிறு மெதுவான, அகலமாக ஆடும் எதிராளி. முறுக்கிய கயிறு பரபரக்கும் எதிராளி. தொடங்குகிறவர்கள் முறுக்கிக் கட்டிவிட்டு, பந்து கையில் சிக்கவில்லை என்று மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தளர்த்திக் கட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இதில் உண்டு. பலமாக அடித்தால் கயிறு அதிகம் நீள்கிறது, இழுப்பு கூடுகிறது, பந்து இன்னும் சீக்கிரம் வருகிறது. உங்கள் குத்துதான் அடுத்த கணத்தின் வேகத்தை நிர்ணயிக்கிறது. மனப்பாடம் செய்ய ஒரு தாளம் கிடைக்காது. அடுத்தது குறி. நிலையாக இருக்கும் பந்தை நட்டநடுவில் அடித்தால் நேராகப் போய் நேராக வரும். சற்று ஓரத்தில் பட்டால் கோணலாகப் போய்க் கோணலாக வரும். மேற்பகுதியில் பட்டால் தலையாட்டிக்கொண்டே வரும். நடுவை விட்டு விலகியிருக்கும்போது பக்கவாட்டில் தட்டிவிட்டீர்களானால் நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிடும். பிறகு அதை ஒழுங்காக ஓர் அடி அடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிழை எங்கே நடந்தது என்பது பந்து திரும்பும் பாதையிலேயே எழுதியிருக்கிறது. நான் முன்னால் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் வீட்டுச் சாமான் வேறு இல்லை.

கூரையில் ஆணி அடிக்க வழியில்லாதவர்கள், ஸ்பிரிங் கம்பத்தின் உச்சியில் பந்து வைத்த கோப்ரா பேக்கைப் பார்க்கலாம். தத்துவம் கிட்டத்தட்ட அதேதான். அடித்தளத்தில் தண்ணீரோ மணலோ நிரப்ப வேண்டும், மணலே மேல். அடித்தளம் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு விரல் நகர்ந்துகொண்டே போனால் தூரம் பற்றிய உங்கள் கணிப்பும் கூடவே நகர்ந்துவிடும்.

சுவரில் மாட்டி, பாட்டுக்கேற்ப விளக்கெரியும் இடத்தில் குத்தும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எத்தனை விளக்கில் எது எரியும் என்ற நிச்சயமின்மை கூடக் கூட எதிர்வினை தாமதமாகும் என்று வில்லியம் ஹிக் 1952இலேயே காட்டியிருக்கிறார். அந்தத் தாமதத்தைப் பழகிக் குறைக்கலாம். இயந்திரத்தில் உங்கள் புள்ளிகள் ஏறும். ஆனால் ஏறுவது விளக்குக்கான எதிர்வினை. வெறும் விளக்கைப் பார்த்துப் பொத்தான் அழுத்தும் சோதனையில் தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதில்லை. உடம்பைப் பார்த்து அடுத்த அசைவைக் கணிக்கச் சொல்லும்போதுதான் அவர்கள் முந்திப் போகிறார்கள். விளக்குக்குத் தோளும் இல்லை, காலும் இல்லை. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு அடித்தால் ஒலி 0.1 நொடிக்கு மேலும் தாமதமாக வரக்கூடும். அலியின் இரண்டு ஜாப்பும் மிச்சமும் அதற்குள் போய்விடும். வியர்க்க வைக்க நல்ல சாமான்.

செலவே இல்லாத ஒன்று: ஒரு கயிற்றில் கட்டிய டென்னிஸ் பந்து. முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டு ஆட்டிவிட்டு, அது வரும்போது தலையை விலக்குவது. ஊசல் கணக்கு இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். 1 மீட்டர் கயிறு என்றால் போய்வர 2 நொடி, 25 செ.மீ. என்றால் 1 நொடி. நீளத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் ஒரே பந்து பல வேகத்தில் வரும். நம்மை நோக்கி வரும் பொருள் எப்போது தொடும் என்பதை, அதன் உருவம் கண்ணுக்குள் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதை வைத்தே மூளை அளக்க முடியும் என்று டேவிட் லீ 1976இல் விளக்கினார். தூரமும் தெரிய வேண்டாம், வேகமும் தெரிய வேண்டாம். முகத்தை நோக்கி வரும் எந்தப் பந்தும், மலிவோ விலையோ, இந்த அளவீட்டைப் பழக்கும். முகத்தை நோக்கி வராமல் ஆடும் பந்து பழக்காது.

கிளவுஸ் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 16 அவுன்ஸ் கிளவுஸ் ஒவ்வொன்றும் சுமார் 450 கிராம், பருமனும் அதிகம். டபுள் எண்ட் பேக்கின் குறுக்களவு 18 செ.மீ., கிளவுஸின் அகலம் 13 செ.மீ. என்று வைத்தால், நடுவிலிருந்து 15 செ.மீ. தப்பினாலும் ஏதோ ஓர் ஓரம் உரசிவிடும். பட்டது என்ற உணர்வு வரும், குறி தப்பியது தெரியாது. ஃபிட்ஸ் பேசிய இலக்கின் அகலத்தைக் கிளவுஸ் சத்தமில்லாமல் கூட்டிவிடுகிறது. குறிக்காகப் பயிற்சி செய்யும் சுற்றுகளில், உள்ளே கைப்பட்டி சுற்றி, மெல்லிய பேக் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஹெவி பேக்குக்கு அது போதாது. ஓரத்தில் விழும் பலமான குத்து சுண்டுவிரல் பக்க எலும்பை உடைக்கும். மருத்துவர்கள் அதற்கு ‘பாக்ஸர் முறிவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லேசான பந்தைத் தவறவிடும்போது முழங்கை முழுதாக நீண்டு வெட்டி இழுக்கும் ஆபத்தும் உண்டு, அதனால் முதல் வாரங்களில் முக்கால் வேகம் போதும்.

குறி தேறுகிறதா என்று தெரிந்துகொள்ள இயந்திரம் வேண்டாம், சாக்பீஸ் தூள் போதும். ஹெவி பேக்கில் ஒட்டுநாடாவால் உள்ளங்கை அளவு கட்டம் ஒன்று போடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் வரும் இடத்தில் கிளவுஸின் மேல் தூளைத் தடவி, 20 ஜாப் அடித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தழும்புகள் ஒரே இடத்தில் நெருக்கமாக, ஆனால் கட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தால் கையில் குறையில்லை. நிற்கும் இடமோ முன்காலின் கோணமோ பிசகியிருக்கிறது, அரை அடி நகர்ந்தால் சரியாகும். கட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இறைந்து கிடந்தால் நீங்கள் இப்போது தாங்கக்கூடியதைவிட வேகமாக அடிக்கிறீர்கள். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு. டைமிங்குக்கு ஃபோனின் ஸ்லோமோஷன் உதவும். சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 0.03 நொடி இடைவெளி, கிட்டத்தட்ட அலியின் ஒரு ஜாப். நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதியில் அது 0.004 நொடியாகும். பந்து நடுக்கோட்டைக் கடக்கும்போது முட்டி எங்கே இருந்தது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலும் தாமதமாகத்தான் இருக்கும்.

எந்தச் சாமானானாலும் கொஞ்ச நாளில் அதன் குணம் நமக்கு அத்துப்படியாகிவிடும். அதை உடைக்க ஒரு வழி உண்டு. 1979இல் ஜான் ஷே, ராபின் மோர்கன் என்ற இருவர், சில அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்களையும், அதே அசைவுகளைக் கலைத்துப் போட்டுப் பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். பழகும்போது முதல் குழுதான் நன்றாகச் செய்தது. பிறகு சோதித்தபோது இரண்டாவது குழு முந்தியது. ஆகவே 3 நிமிடச் சுற்று ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள ஒரு நிமிட ஓய்வில் கயிற்றின் இறுக்கத்தையோ பந்தின் உயரத்தையோ மாற்றிவிடுங்கள். கயிற்றில் எளிதாக முடிச்சை நகர்த்தவோ கொக்கி மாற்றவோ முடிகிற பேக்கைப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். மாற்றிய முதல் நிமிடம் எரிச்சலாக இருக்கும், அடிகள் வழுக்கும். அந்த நிமிடத்தில்தான் மூளை புதிதாகக் கணக்குப் போடுகிறது.

டபுள் எண்ட் பேக்கை மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பந்தின் நடு உங்கள் மூக்கு உயரத்தில் இருக்கட்டும். தரையில் துளை போட முடியாவிட்டால் எடைத்தட்டு, மணல் மூட்டை எதில் வேண்டுமானாலும் கீழ்க்கயிற்றைக் கட்டலாம்; அது துள்ளக் கூடாது. கயிற்றின் மேலுறை பிய்ந்து உள்ளே ரப்பர் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், அறுந்து தெறிப்பது முகத்துக்கு நேரே. நான்கு பக்கமும் கையை நீட்டிச் சுற்ற இடம் வேண்டும், ஏனென்றால் டபுள் எண்ட் பேக்கைச் சுற்றி நகராமல் ஒரே இடத்தில் நின்று அடித்தால் அது பாதி பேக்தான்.

இவை எதிலும் கிடைக்காத ஒன்று பொய் அசைவு. எந்தப் பந்தும் தோளை அசைத்து ஏமாற்றுவதில்லை. வீட்டில் யாராவது வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கையில் பேட் (குத்தை வாங்கும் சின்ன மெத்தை) மாட்டிக்கொண்டு நின்றால் போதும், அவருக்குக் குத்துச்சண்டை தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காது முந்திக்கொண்டு கண்ணுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். பேசாமல் பேட்டைக் காட்டட்டும், நடுநடுவே காட்டுவதுபோல் தூக்கிவிட்டுக் கீழே இறக்கட்டும். பேட் முழுதாக எழும் முன்பே அவருடைய முழங்கை கிளம்பும். உங்கள் கண் அங்கே போகத் தொடங்க எத்தனை வாரம் ஆகிறது என்று பாருங்கள்.